எக்ஸ்டர் பெட்ரோலா, டியாகோ இவி-யா? திருச்சியில் தினம் 44 கி.மீ. ஓட்டம்

ஸ்ரீரங்கவாசி (கேள்வி)

வணக்கம். வீட்டுக்கு முதல் கார். பல வண்டிகளைப் பார்த்துக் கழித்துவிட்டு இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ஹூண்டாய் எக்ஸ்டர் 1.2 பெட்ரோல், மேனுவல், எஸ்எக்ஸ். இன்னொன்று டாடா டியாகோ இவி (மின்சாரக் கார்), 24 கிலோவாட் அவர் பெரிய பேட்டரி. கையில் உள்ள கொட்டேஷன்படி ஆன்ரோடு விலையில் டியாகோ இவி ஏறக்குறைய 1.7 லட்சம் கூடுதல்.

ஓட்டம்: வேலை துவாக்குடி பக்கம். போய்வர 44 கி.மீ., மாதம் 25 நாள். அதுபோக ஊருக்குள் சுற்றுவது, மாதம் ஒருமுறை தஞ்சாவூர் எல்லாம் சேர்த்து 300 கி.மீ. வரும். ஆண்டுக்கு நான்கைந்து முறை சென்னை, ஒருமுறை கொடைக்கானல்.

வீடு: சொந்த வீடு, கார் போர்ட்டிகோவிலேயே நிற்கும். சிங்கிள் பேஸ் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. ஒரு ஏசி உண்டு.

ஆட்கள்: நான், மனைவி, 9 வயது மகன், அப்பா, அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி. வாங்கினால் 8 ஆண்டாவது வைத்திருப்பேன்.

ஷோரூம்களில் அவரவர் வண்டிதான் உசத்தி. கணக்கு, சார்ஜிங், நீண்ட பயணம் மூன்றையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கணக்குப்பிள்ளை

முதலில் ஒன்று. 2025 செப்டம்பர் 22-க்கு முன் எழுதப்பட்ட ஒப்பீடுகளை ஒதுக்கிவிடுங்கள். அன்று முதல் 4 மீட்டருக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28-உம் அதன்மேல் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. மின்சாரக் காருக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள விலை இடைவெளி முன்பைவிட அகலம். பழைய கணக்கில் ஒரே ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று எழுதியிருப்பார்கள், இன்று அது பொருந்தாது.

இப்போது உங்கள் எண்கள். மாதம் 1,400 கி.மீ. ஏசியோடு, ஊர் நெரிசலும் புறவழியும் கலந்து எக்ஸ்டர் லிட்டருக்கு 14 கொடுத்தால் நல்ல மைலேஜ். (நிறுவனம் சொல்லும் 19.4 சோதனைக்கூட எண்.) 100 லிட்டர், ஏறக்குறைய 10,100 ரூபாய்.

டியாகோ இவி சுவரிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் அவர்தான் ஒரு யூனிட்) 7.5 கி.மீ. என்று வையுங்கள். ஏற்றும்போது சூடாகப் போகும் இழப்பும் இதற்குள் அடக்கம். மாதம் 187 யூனிட், இரு மாத பில்லுக்கு 374 யூனிட். பலர் இந்த இடத்தில்தான் தப்புகிறார்கள். அந்த 374-ஐ உங்கள் பழைய பில்லின் சராசரி விலையால் பெருக்கக் கூடாது. வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் ஒரு வரப்பு. அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரை சலுகை விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகைப் படி போய்விடும், 101 முதல் 400 வரை முழுவதும் மேல் விலைக்கு வரும். 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டுகிறது. இப்போது 400 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய் கட்டுவீர்கள். கார் வந்து 774 ஆனால் 4,500-ஐத் தாண்டும். கூடுதல் 3,300-க்கு மேல், அதாவது காருக்குப் போகும் யூனிட் ஒன்று சராசரி 9 ரூபாய்.

அப்படிப் போட்டும் கி.மீ.-க்கு 1.20 ரூபாய்தான். பெட்ரோலுக்கு 7.20. மாதம் 8,400 மிச்சம். கூடுதலாகக் கொடுக்கும் 1.7 லட்சமும் ஒயரிங் செலவும் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும்.

கூரையில் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலார் போடுவதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நாளொன்றுக்கு 12 யூனிட் அளவில் கிடைக்கும். உங்கள் பில்லின் உச்சியில் இருக்கும் 9 ரூபாய் யூனிட்டுகள்தான் முதலில் கழியும். அதனால் கார் வாங்கியவருக்கு சோலார் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கட்டுப்படியாகும்.

வரி: எக்ஸ்டருக்குத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 5 முதல் 10 லட்சம் வரையிலான படியில் 13 சதவீதம். மின்சார வண்டிக்கான வரி விலக்கு அரசாணையில் கெடு தேதியோடு வருவது. பணம் கட்டும் நாளைப் பார்க்க மாட்டார்கள், பதிவு நாளைத்தான் பார்ப்பார்கள். டெலிவரி தள்ளிப்போகும் என்றால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு எக்ஸ்டருக்கு 3,416, 55 கிலோவாட் மோட்டார் உள்ள டியாகோ இவி-க்கு 2,904. ஆனால் வண்டியின் மதிப்பு கூடுதல் என்பதால் சொந்தச் சேதப் பிரீமியம் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அதைச் சமமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்ட்டி. உங்கள் மாத ஓட்டம் மட்டும் 8 ஆண்டில் 1.35 லட்சம், சென்னை, கொடைக்கானல் பயணங்களும் சேர்ந்தால் கி.மீ. வரம்பை ஒட்டி வரும். அதாவது நீங்கள் விற்க நினைக்கும் அதே சமயத்தில் வாரன்ட்டியும் முடிகிறது. வாரன்ட்டி தீர்ந்த மின்சாரக் காருக்கு எவரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். மறுவிற்பனையில் 3 லட்சம் குறைத்துக்கொண்டாலும் எட்டாண்டு மிச்சம் 8 லட்சம் என்பதால், பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் டியாகோ இவி தெளிவாக முன்னால் நிற்கிறது.

ஒயர்மேன்

கணக்கெல்லாம் சரி சார். அது நிற்பது உங்கள் போர்ட்டிகோ பிளக் பாயின்ட்டின் மேல். அதைப் பற்றி ஷோரூமில் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

காரோடு வரும் கையடக்க சார்ஜர் ஏறக்குறைய 13 ஆம்ப் இழுக்கும். கீசரும் கிட்டத்தட்ட அதே அளவு இழுக்கிறது, ஆனால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். கார் 10-லிருந்து 100 சதவீதம் ஏற 8.7 மணி நேரம் விடாமல் இழுக்கும். சுமாரான ஒயரும் தளர்ந்த ஸ்க்ரூவும் கீசருக்குத் தாங்கும், காருக்குத் தாங்காது. உங்கள் தினசரி 44 கி.மீ.-க்கு 6 யூனிட், இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் இரவு முழுக்க ஓடும். அந்த இரவுக்காகத்தான் ஒயரிங்.

மெயின் போர்டிலிருந்து போர்ட்டிகோவுக்குத் தனி லைன் இழுக்கணும். வாஷிங் மெஷின் பாயின்ட்டிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ கிளை எடுக்கக் கூடாது. பேஸ், நியூட்ரல் இரண்டும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர். எர்த் ஒயரும் அதே அளவு போடுங்கள், விலை வித்தியாசம் சொற்பம். 20 ஆம்ப் சி டைப் எம்சிபி (பளு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), அதோடு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்). ஆர்சிசிபி வாங்கும்போது ‘ஏ’ டைப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது ‘ஏசி’ டைப். சார்ஜருக்குள் ஏசி டிசியாக மாறுவதால் அங்கே ஏற்படும் கசிவு மின்சாரத்தை அது உணராமல் விட்டுவிடக்கூடும்.

சாக்கெட் நல்ல கம்பெனியின் 16 ஆம்ப் மாடுலர். மழைச்சாரல் அடிக்கும் இடமென்றால் மூடியுள்ள பெட்டிக்குள், தரையிலிருந்து 4 அடி உயரத்தில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் நாள் 40 நிமிடம் சார்ஜ் ஏறியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் சாக்கெட்டின் உள்பிடி தளர்வு, அல்லது பின்னால் ஸ்க்ரூ முடுக்கவில்லை. சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் தட்டினால் அன்றே மாற்ற வேண்டும்.

அடுத்தது எர்த். நம் ஊர் வீடுகளில் மின்சாரக் கார் சார்ஜ் ஏற மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எர்த் சரியில்லை என்றால் சார்ஜரே சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடும். நீங்கள் இருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். ஆற்று மணல் கலந்த மண், கோடையில் மேல்மண் காய்ந்து எர்த் வேலை செய்யாமல் போகும். மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுங்கள்: பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கணும். மூன்றாவது, ஏசி ஓடும்போதும் 3 வோல்ட்டுக்குள் நிற்கணும். 10, 15 என்று காட்டினால் கார் வரும் முன்பே சரி செய்ய வேண்டும். 8 அடி ஜிஐ பைப் அல்லது காப்பர் பூசிய ராடு, சுற்றிலும் எர்த்திங் பவுடர், மேலே தண்ணீர் ஊற்றச் சின்னத் தொட்டி.

சில பேர் சார்ஜர் சிவப்பு காட்டுகிறதென்று சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். சார்ஜர் பச்சைக்கு வந்துவிடும். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றாவது அறுந்தால் அந்த நொடியே காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரத்தரையில் நின்று கதவைத் திறக்கும் ஆள் பிழைக்க மாட்டார். எந்த எலக்ட்ரீசியன் இதைச் செய்யச் சொன்னாலும் ஆளை மாற்றிவிடுங்கள்.

பளு: மின் அட்டையிலோ இணையத்திலோ உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். பழைய சிங்கிள் பேஸ் வீடுகள் பல 2, 3 கிலோவாட்டில் நிற்கின்றன. ஏசி ஒன்றரை, கீசர் இரண்டு, கார் மூன்று. சேர்ந்தால் ஆறரை. கூடுதல் லோடு கேட்டு விண்ணப்பியுங்கள். த்ரீ பேஸ் கிடைத்தால் காருக்கென்று ஒரு பேஸையே ஒதுக்கலாம். 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர்) உங்களுக்குத் தேவையில்லை. அது 32 ஆம்ப் இழுக்கும், ஒயர், எம்சிபி, லோடு எல்லாமே பெரிதாகும். தினம் 44 கி.மீ. ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு வீண்.

கார் லைன் இன்வெர்ட்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் போட்டுவிடுங்கள். 15 மீட்டர் தூரம், எர்த் குழி உட்பட எல்லாம் சேர்த்து 15,000 ரூபாயை ஒட்டி வரும்.

ஸ்ரீரங்கவாசி

இருவருக்கும் நன்றி. எங்கள் இணைப்பு 3 கிலோவாட்தான், கூடுதல் லோடு கேட்டுவிடுகிறேன். எர்த்தும் அளந்து சொல்கிறேன். சென்னை, கொடைக்கானல் பயணத்துக்கு 24 கிலோவாட் அவர் பேட்டரி போதுமா? யாராவது எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நாற்கரச்சாலை

போதும், ஆனால் உங்கள் பயணப் பழக்கம் மாறும். எவ்வளவு மாறும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

டியாகோ இவி பெரிய பேட்டரிக்கு 2022-ல் 315 கி.மீ. என்று சொன்னார்கள். ஐந்து பேர், ஏசி, நாற்கரச் சாலை, வேகம் 80 என்றால் 200-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். அதையே 100-ல் ஓட்டினால் 160. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. பெட்ரோல் காரிலும் அதே எதிர்ப்புதான், ஆனால் 37 லிட்டர் டேங்க் அதை மறைத்துவிடும்.

திருச்சி-சென்னை 330 கி.மீ. வீட்டிலிருந்து 100 சதவீதத்தில் கிளம்பினால் 130 கி.மீ. தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் முதல் நிறுத்தம். பெரம்பலூரிலேயே நிறுத்தினால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும், பயன் குறைவு. உளுந்தூர்பேட்டையில் 80, 85 வரை ஏற்றிக்கொண்டால் திண்டிவனம் அல்லது மேல்மருவத்தூரில் இரண்டாவது நிறுத்தம். அங்கிருந்து சென்னை.

ஒவ்வொரு நிறுத்தமும் எவ்வளவு நேரம் என்பதில் ஒரு விஷயம் உண்டு. 10-லிருந்து 80 சதவீதம் ஏற நிறுவனம் சொல்வது 58 நிமிடம். 24-இல் 70 சதவீதம் 16.8 யூனிட். கணக்குப் போட்டால் சராசரி 17 கிலோவாட் வேகத்தில்தான் வண்டி வாங்குகிறது. ஆகவே 60 கிலோவாட், 120 கிலோவாட் என்று பலகை வைத்த நிலையத்தைத் தேடி அலைய வேண்டாம். 30 கிலோவாட் கருவியும் உங்களுக்கு அதே நேரத்தில் ஏற்றும், பெரும்பாலும் அங்கே கூட்டமும் குறைவு. இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், முன்னால் ஒரு வண்டி நின்றால் அதற்கு மேலும் ஒரு மணி நேரம். ஆறு மணி நேரப் பயணம் எட்டாகும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் என்றால் கிளம்பவே வேண்டாம், ரயிலில் போங்கள்.

வெளிச் சார்ஜிங் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆகும், ஜிஎஸ்டி தனி. கி.மீ.-க்கு 3 ரூபாயைத் தாண்டும். எக்ஸ்டருக்கு நெடுஞ்சாலையில் 6 ரூபாய். மிச்சம் இருக்கிறது, வீட்டுச் சார்ஜிங் அளவுக்கு இல்லை. குறைந்தது மூன்று நிறுவனங்களின் செயலிகளைப் போட்டு, வாலட்டில் பணமும் வைத்திருங்கள். நிலையத்துக்கு நேராகப் போய் நிற்காமல், கடைசியாக அங்கே சார்ஜ் நடந்தது எப்போது என்று செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு நாளாக எவரும் சார்ஜ் போடாத நிலையம் பழுதாகத்தான் இருக்கும்.

கொடைக்கானல்: வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 320 மீட்டர், கொடைக்கானல் 2,100-க்கு மேல். ஆட்களோடு 1,450 கிலோ எடையை 1,800 மீட்டர் தூக்க 7 யூனிட் வேண்டும். அது உயரத்துக்கு மட்டும். 65 கி.மீ. உருள 5 யூனிட் தனி. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை 4. மொத்தம் 16. ஆகவே திண்டுக்கல்லில் 95 வரை ஏற்றிக்கொண்டால் மேலே 20 சதவீதத்துக்கு மேல் மிச்சத்தோடு போய்ச் சேரலாம். திண்டுக்கல்லில் 80-க்குக் கீழே புறப்பட்டால் மலையின் பாதியில் மனம் பதறும்.

இறங்கும்போது தூக்கிய சக்தியில் பாதியாவது ரீஜென் (வேகம் குறைக்கும்போது மோட்டாரே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி) மூலம் திரும்பி வரும். அதற்கு பேட்டரியில் இடம் வேண்டும். விடுதியில் இரவெல்லாம் போட்டு 100 ஆக்கிக்கொண்டு இறங்கினால் ரீஜென் வேலை செய்யாது, முழுப் பளுவும் பிரேக்கில் விழும். மேலே 80-இல் நிறுத்திவிட்டு, ரீஜென் அளவை 3-இல் வைத்து இறங்குங்கள். வத்தலக்குண்டு வரை பிரேக்கில் கால் வைக்கும் வேலை குறைவு.

எக்ஸ்டர் மலையேறும், ஆனால் 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர். ஐந்து பேர், சாமான், ஏசி. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு இறக்க வேண்டிவரும். ஏறிய கியரிலேயே இறங்கணும், நியூட்ரலில் விடக் கூடாது. வழியில் நிற்க வேண்டியதில்லை என்பது அதன் பலம்.

பின்சீட்டுப் பக்கம்

மேலே எல்லாரும் ஓட்டுகிறவரின் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். மூட்டுவலியுள்ள அம்மா பின்சீட்டில் உட்காரப் போகிறார் என்று கேள்வியிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் விஷயம்.

டியாகோவில் இருக்கை தாழ்வு. உட்கார முழங்கால் நன்றாக மடங்கணும், எழுந்திருக்கத் தொடையால் உந்தணும். எக்ஸ்டரில் இருக்கை உயரம் இடுப்பை ஒட்டி வரும், பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். இரண்டு ஷோரூமுக்கும் அம்மாவையே அழைத்துப் போங்கள். அவர் எந்தப் பக்கம் ஏறுவாரோ அந்தக் கதவில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எவரும் சமாளித்துவிடுவார்கள், மூன்றாவது முறை முகம் சொல்லிவிடும்.

அடுத்தது, திருச்சி வெயில். எக்ஸ்டர் எஸ்எக்ஸில் பின்சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் உண்டு. டியாகோ இவி-யில் இல்லை. மே மாதம் மதியம் முன்சீட்டில் குளிர்ந்தாலும் பின்னால் வேர்க்கும். அப்படியென்று ஏசியைக் கூட்டினால் நாற்கரச்சாலை சொன்ன கி.மீ. இன்னும் குறையும்.

டிக்கி எக்ஸ்டரில் 391 லிட்டர், டியாகோ இவி-யில் 240. ஐந்து பேர் மூன்று நாள் துணிமணிக்கு 240 பற்றாது. ஸ்டெப்னியும் டியாகோ இவி-யில் கிடையாது, அந்த இடத்தையும் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. பஞ்சர் கிட்தான் கொடுப்பார்கள். ஆணி குத்தினால் அது போதும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் பசை நிற்காது, வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போகணும்.

கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) எக்ஸ்டருக்கு 185 மி.மீ., டியாகோ இவி-க்கு 166. காலியாக டெஸ்ட் டிரைவ் போனால் வித்தியாசம் தெரியாது. ஐவரும் ஏறி உங்கள் தெருவின் உயரமான ஸ்பீட் பிரேக்கரைக் கடந்து பாருங்கள். எக்ஸ்டரில் எல்லா மாடலிலும் 6 ஏர்பேக். டியாகோ இவி வந்தபோது முன்னால் இரண்டு மட்டும். இன்று உங்களுக்குத் தரும் வண்டியில் எத்தனை என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

மாதம் 8,400 பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஐந்து பேர் போகும் வீட்டின் ஒரே கார் என்றால் நான் எக்ஸ்டர் பக்கம். டியாகோ இவி, வேலைக்குப் போய்வர வாங்கும் இரண்டாவது காராக இருந்தால் மறுபேச்சில்லாமல் சரி.

கணக்குப்பிள்ளை

பின்சீட்டுப் பக்கம் சொல்வதை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஐந்து பேரும் ஏறுவது மாதம் நான்கைந்து நாள். மீதி நாளெல்லாம் ஒருவர் துவாக்குடி போய் வருகிறார். அம்மாவின் முழங்கால்தான் தடை என்றால் மின்சாரத்தை விடாமல் உயரத்தைக் கூட்டலாம். பஞ்ச் இவி-யைப் பாருங்கள். 2024-ல் வந்த வண்டிக்கு 25, 35 கிலோவாட் அவர் என்று இரண்டு பேட்டரி, 190 மி.மீ. கிளியரன்ஸ், 366 லிட்டர் டிக்கி, 6 ஏர்பேக், பாரத் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம். 35-இல் 10-லிருந்து 80 ஏற 56 நிமிடம். டியாகோவுக்கு ஆகும் அதே ஒரு மணி நேரத்தில் 16.8 யூனிட்டுக்குப் பதில் 24.5 ஏறுகிறது. சென்னைக்கு ஒரு நிறுத்தம் குறையும்.

விலை கூடும். ஆனால் உங்கள் மாத ஓட்டத்துக்கு எக்ஸ்டரைவிட 4 லட்சம் கூடினாலும் நான்கு ஆண்டில் வந்துவிடும். அதற்குமேல் கேட்டால் டியாகோவோடு நில்லுங்கள். எம்ஜி காமெட் யாராவது சொல்வார்கள், அது நான்கு பேர் வண்டி, டிசி வேகச் சார்ஜும் கிடையாது, உங்களுக்குப் பொருந்தாது.

நாற்கரச்சாலை

மின்சாரம் என்று முடிவானால் ஒரு பராமரிப்புக் குறிப்பு. டியாகோ இவி-யில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல். இதன் வோல்ட்டேஜ் 20-லிருந்து 80 சதவீதம் வரை ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதைக் கணினி வோல்ட்டேஜை வைத்துச் சொல்ல முடியாது, போனது வந்ததைக் கூட்டிக் கழித்துத்தான் ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் சிறு பிழைகள் சேரும். வாரக்கணக்கில் 80-லேயே நிறுத்திப் பழகினால் ஒருநாள் திரையில் 15 சதவீதம் காட்டி, சில நிமிடத்தில் 5-க்கு விழும். மாதம் இரண்டு முறையாவது வீட்டுச் சார்ஜரில் 100 வரை விட்டு, அது தானே நிற்கும்வரை கழற்றாதீர்கள். செல்கள் சமமாவது அந்தக் கடைசி நேரத்தில்தான்.

12 வோல்ட் சின்ன பேட்டரியையும் மறக்க வேண்டாம். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கண் திறக்காது. மூன்றாம் ஆண்டிலிருந்து சர்வீஸில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஸ்ரீரங்கவாசி

மீட்டரில் அளந்தாயிற்று. ஏசி அணைத்திருக்கும்போது நியூட்ரல்-எர்த் 3 வோல்ட். ஏசி ஓடும்போது 14. அந்த நேரம் பேஸ்-நியூட்ரல் 232-இலிருந்து 212-க்கு இறங்குகிறது. பேஸ்-எர்த் 226. இது எர்த் கோளாறா? ஞாயிறன்று அம்மாவோடு எக்ஸ்டர், பஞ்ச் இவி இரண்டையும் பார்க்கிறோம்.

ஒயர்மேன்

எர்த்தைத் தோண்ட வேண்டாம் சார், இப்போதைக்கு அது தப்பித்தது. லோடு ஏறும்போது மட்டும் நியூட்ரல் 14-க்குத் தூக்குகிறது, பேஸ்-எர்த் பெரிதாக அசையவில்லை. நியூட்ரல் வழியில் எங்கோ ஜாயின்ட் தளர்வு. கம்பத்திலோ, மீட்டர் டெர்மினலிலோ, மெயின் சுவிட்சிலோ இருக்கும். ஏசியின் ஏழெட்டு ஆம்புக்கே இவ்வளவு என்றால் காரின் 13 ஆம்பும் சேரும்போது அந்த ஜாயின்ட் கருகிவிடும்.

மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கம் உங்கள் எலக்ட்ரீசியன் கரண்ட்டை அணைத்துவிட்டு எல்லா நியூட்ரல் ஸ்க்ரூவையும் முடுக்கட்டும். கறுத்துப்போன ஒயர் முனை இருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் அளங்கள். குறையவில்லை என்றால் கோளாறு மீட்டருக்கு அந்தப் பக்கம். அங்கே சீல் இருக்கிறது, நீங்களோ உங்கள் ஆளோ கை வைக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ‘சர்வீஸ் லைன் நியூட்ரல் லூஸ்’ என்று புகார் எழுதிக் கொடுங்கள். கூடுதல் லோடு விண்ணப்பமும் அன்றே கொடுத்தால் சர்வீஸ் ஒயரையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். எந்தக் கார் வாங்கினாலும் இதைச் சரி செய்தே ஆகணும், இல்லையென்றால் உங்கள் ஏசி கம்ப்ரஸருக்கு ஆயுசு குறைவு. ஏசி ஓடும்போது 3 வோல்ட்டுக்குள் வந்த பிறகு போர்ட்டிகோ லைனை இழுக்கச் சொல்லுங்கள்.